மஞ்சள் ஸ்பேனர்

சனிக்கிழமையே ஒயில் மாற்றியாகிவிட்டது. கொட்டகலை கராஜில் மெக்கானிக் செல்லசாமி பாஸ் தனுஜாவின் கண் முன்னாலேயே பழைய ஒயிலை வடித்தார். கரிப்பிடித்த தேங்காய்ச் சட்டியைக் கழுவிய தண்ணீர் போல அது வடிந்தது. புது ஃபில்டர் போட்டு, புது ஒயில் ஊற்றி, அளவுக் கம்பியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் பார்த்தார். எல்லாம் சரி. சாவியைத் திருப்பினால் வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் அந்தச் சின்ன ஸ்பேனர் மட்டும் அப்படியே எரிந்தது. ஒயில் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்த விளக்கு அது. மாற்றியாகிவிட்டது என்பதை அதற்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

"கொஞ்சம் ஓடுனா தன்னால போயிரும்மா" என்றார் பாஸ்.

ஓடியது. போகவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை, கராஜ் அரை நாள் மட்டும் திறந்திருக்கும் என்று தெரிந்தும், தனுஜா மறுபடி வந்து நின்றாள். கூடவே நாத்தனார் நாகலெட்சுமியும் வந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலைக்குள் அந்த விளக்கு அணைய வேண்டும். வெள்ளிக்கிழமை தம்பு சேர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பொகவந்தலாவைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அவர் உப அதிபர். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவரையும் இன்னும் இரண்டு ஆசிரியைகளையும் தினமும் காலையில் ஹட்டனில் ஏற்றி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் திரும்ப அழைத்து வருவதுதான் தனுஜாவின் தொழில். ஏழு மாதத்துக்கு முன்பு வரை அது அவள் புருஷன் கஜேந்திரனின் தொழிலாக இருந்தது. ஒரு மத்தியானம் மார்பைப் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தவன் எழும்பவேயில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தனுஜா, கருமாதி முடிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுக் காரின் சாவியை எடுத்தாள். லைசென்ஸ் முன்னமே இருந்தது. கஜேந்திரன்தான் வம்பு பண்ணி எடுக்க வைத்தான். இப்போது பிள்ளைக்காம்பராவில் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை. இந்த மூன்று பேரும் ஏறாவிட்டால் கார் இருந்தும் ஓட்டம் இல்லை.

"உந்த லைற் எரியிற காரிலை நாங்கள் இனி ஏறேலாது பிள்ளை" என்றிருந்தார் தம்பு சேர். "வளைவும் பள்ளமுமான றோட்டு. திங்கக்கிழமை காலமை உது நூந்திருக்கோணும். இல்லாட்டி கிஷாந்தின்ரை வேனிலை போறம். குறை நினைக்காதையும்."

குறை நினைக்காமல் எப்படி இருப்பது? இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கராஜ் முன்னால் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தனுஜா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. பின் இருக்கையில் நாகலெட்சுமி ஒரு காலை வெளியே நீட்டி, குடையை விரித்துப் பிடித்திருந்தாள். அவள் பக்கத்துக் கதவும் திறந்துதான் கிடந்தது.

"மழ உள்ளுக்கு அடிக்குது மதினி, சாத்துவோமா?"

"சாத்தாத. ஆம்பளைங்க பொழங்குற எடம். புருசன் போயி ஒரு வருசம் ஆவல. கதவு தொறந்து கெடந்தா ஊரு பாக்கும். பாத்துட்டுப் பேசாம போயிரும். சாத்திக் கெடந்தாத்தான் பேசும்."

அதில் செல்லசாமி பாஸுக்கும் மறுப்பில்லை. கஜேந்திரன் இருந்த காலத்தில் இதே காரில் ஏறி, இருக்கையைச் சாய்த்துப் போட்டு, காலை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்ட மனுஷன்தான். இப்போது உள்ளே உட்காரமாட்டேன் என்றார். "நீ உக்காந்து சாவிய திருப்பும்மா. நான் இப்புடியே பாக்குறேன்" என்று, திறந்த கதவு வழியாக இடுப்பை வளைத்துத் தலையை மட்டும் உள்ளே விட்டார். முதுகு நனைந்தது. மழைத் தண்ணீர் அவர் பிடரியிலிருந்து தனுஜாவின் மடியில் சொட்டியது.

முதலில் பெட்டரி வயரைக் கழற்றினார். "பத்து நிமிசம் பசியில போட்டா எல்லாத்தையும் மறந்துரும்" என்றார். பத்து நிமிடம் கழித்து வயரை மாட்டினார்கள். கார் நேரத்தை மறந்திருந்தது, ரேடியோவை மறந்திருந்தது. ஸ்பேனரை மறக்கவில்லை.

அடுத்து போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தார். இதே மாதிரி ஜப்பான் காரில் உட்கார்ந்து ஒருவன் சிங்களத்தில் மடமடவென்று பேசினான். சாவியை ஒரு நிலை திருப்பு, வேக வட்டத்துக்குக் கீழே இருக்கும் குமிழை அமுக்கு, சின்னத் திரையில் ஸ்பேனர் பக்கம் வரும், வந்ததும் குமிழை விடாமல் பிடி, எண் மின்னும், அவ்வளவுதான். அவன் செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தனுஜா சாவியைத் திருப்பினாள். குமிழை அமுக்கினாள். திரையில், கதவுகள் இறக்கை போல விரிந்த ஒரு குட்டிக் காரின் படம் நின்றது.

"அது கதவு தொறந்திருக்குன்னு காட்டுது. அத விடு. நீ இன்னும் அமுக்கு."

அமுக்கினாள். குட்டிக் கார் அசையவில்லை.

"அமுக்கிப் புடி."

பிடித்தாள். விரல் நுனி வெளுத்தது.

"விட்டு விட்டு அமுக்கு. அவன் அப்புடித்தானே செஞ்சான்?"

"அவன் ஒருவாட்டிதான் பாஸ் அமுக்குனான்."

"அப்ப நம்ம காரு வேற மாதிரி போல."

"நம்பரைத் தவிர எல்லாம் ஒரே மாதிரிதான்."

ஒரு மணி நேரம் இப்படியே போனது. சாவியை முன்னால் திருப்பி, பின்னால் திருப்பி, பிரேக்கை மிதித்து, மிதிக்காமல், ஹெட்லைட்டைப் போட்டு, அணைத்து. கஜேந்திரன் ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் இதைச் செய்திருக்கிறான். தனுஜா பக்கத்து இருக்கையில்தான் இருந்திருக்கிறாள். அவன் பெருவிரல் அந்தக் குமிழின் மேல் இருந்தது நினைவிருக்கிறது. நகத்தில் கறுப்பு ஒயில் இருந்ததுகூட நினைவிருக்கிறது. அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக யார் என்ன சேலை கட்டிப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். ஒரு தரம், ஒரே ஒரு தரம், என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கலாம்.

"இந்த ஒரு பொட்டு வெளிச்சத்துக்கா இவ்வளவு பாடு?" நாகலெட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு ஸ்டிக்கர் பொட்ட எடுத்து அதுமேல ஒட்டி விட்டா யாருக்குடி தெரியப் போவுது? ஒன் கைப்பையில இருக்குமே..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. செல்லசாமி பாஸ் கையிலிருந்த துணியைப் பிழிய ஆரம்பித்தார். அது காய்ந்த துணி.

"என் பையில இல்ல மதினி" என்றாள் தனுஜா, திரும்பாமலே. "ஒங்க நெத்தியில இருக்கிறதக் குடுங்க, ஒட்டுவோம்."

"ஏன்டி நீ வேற. வாய் தவறிருச்சு."

"ஒட்டவெல்லாம் கூடாது" என்று பாஸ் அவசரமாகக் குறுக்கிட்டார். "பக்கத்துல செவப்பா ஒயில் கேன் மாதிரி ஒரு வெளக்கு இருக்கு. அது எரிஞ்சா அடுத்த நிமிசம் எஞ்சின் போயிரும். அதையும் சேத்து மறைச்சிட்டா காரையே மறந்துர வேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்துத்தான் கிஷாந்த் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். மஸ்கெலியாப் பக்கம் போய் வந்ததில் பின் டயர் பஞ்சர். குளிருக்குக் காதை மூடிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்து, காரின் திறந்த கதவில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தான்.

"என்னாக்கா, ஜப்பான்காரனுக்கு இன்னும் கோவம் தீரலையா?"

"ஒனக்கென்னப்பா, சிரிப்ப. இது எரிஞ்சாத்தானே நாளைக்கி ஒனக்கு ஓட்டம்" என்றாள் நாகலெட்சுமி.

"அடடா, அந்த மூனு பேர நம்பியா நான் வேன் வாங்குனேன்?" என்று சிரித்தவன், தானும் தலையை உள்ளே விட்டுக் குமிழை இரண்டு தரம் குத்திப் பார்த்தான். குட்டிக் கார் இறக்கையை விரித்தபடியே நின்றது. "பல்ப கழட்டிரலாம்."

"டாஷ்போர்ட் முழுசா கழட்டணும். இன்னைக்கி ஆகாது" என்றார் பாஸ்.

கிஷாந்த் நிமிர்ந்தான். போகாமல் நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒன்னு சொன்னா கோவிக்கக் கூடாது. இந்த லைட்டு எப்ப எரிய ஆரம்பிச்சிச்சு?" என்று கேட்டான்.

"போன திங்கக்கெழம."

"ம். என்கிட்ட வேன் வருமான்னு கேட்டது அதுக்கும் முந்துன வாரம்."

தனுஜா குமிழிலிருந்து கையை எடுத்தாள். "யாரு கேட்டா?"

"ஆள விடுங்கக்கா. அந்த மூனு பேருக்குள்ள இருந்துதான் கேட்டாங்க. அக்கா வராட்டி வாறேன், அவங்க வயித்துல அடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

"ஏன்னு கேட்டியா?"

அவன் துண்டை மறுபடி காதில் சுற்றினான். "காலையில வெளிக்கிடும்போது மொத மொகமா... பழைய பேச்சுக்கா. இந்தக் காலத்துல யாரு பாக்குறா."

"பாக்குறாங்களே."

பாஸும் நாகலெட்சுமியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

தம்பு சேரின் முகம் தனுஜாவின் கண் முன்னால் வந்தது. தினமும் காலையில் நெற்றி நிறைய திருநீறு. ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் கிழக்கே பார்த்து நிற்பார். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர்தான். வேறு யார்? தாலி அறுத்தவள் முகத்தில் முழிக்கப் பயம், அதைச் சொல்ல வெட்கம், அதற்கு ஒரு மஞ்சள் விளக்கு. அவள் ஒரு வாரமாக அந்த விளக்குக்காகத் தூங்கவில்லை. மழையில் நனைந்து, பாஸின் பிடரித் தண்ணீர் மடியில் விழ, குமிழைக் குத்திக்கொண்டு கிடக்கிறாள். இது அணைந்தால் என்ன, எரிந்தால் என்ன?

அப்புறம் வேறொன்று தோன்றியது. இல்லை, அணைய வேண்டும். இப்போதுதான் கட்டாயம் அணைய வேண்டும். விளக்கு எரிகிற வரைக்கும் அவர்கள் விளக்கைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அது இல்லாமல் போனால்தான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்ல வேண்டி வரும்.

ஆனால் இங்கே யாருக்கும் அதை அணைக்கத் தெரியவில்லை.

"போதும் பாஸ். நவுருங்க. மதினி, காலை உள்ளுக்கு எடுங்க, வீட்டுக்குப் போவோம்."

"ஏன்டி, லைட்டு..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

பாஸ் பின்வாங்கிய கையோடு அவள் தன் பக்கத்துக் கதவை இழுத்து அறைந்தாள். கராஜ் தகரம் அதிர்ந்தது. நாகலெட்சுமி குடையை மடக்கி, முணுமுணுத்துக்கொண்டே காலை உள்ளே இழுத்து, அவளும் ஓங்கி அறைந்தாள். கோபத்தில் அவளும் குறைந்தவள் இல்லை. மழைச் சத்தம் சட்டென்று தூரமாகப் போனது. தனுஜா சாவியைத் திருப்பினாள்.

திரையில் குட்டிக் கார் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஸ்பேனரும், பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரியும், ஒரு பூச்சியமும் இருந்தன. வீடியோக்காரன் காட்டிய அதே பக்கம்.

எஞ்சினைக் கிளப்பப் போன கையை எடுத்துக் குமிழில் வைத்தாள். அமுக்கி, விடாமல் பிடித்தாள். பூச்சியம் மின்னியது. இன்னும் பிடித்தாள். பூச்சியம் மறைந்து ஐயாயிரம் என்று வந்தது. மஞ்சள் ஸ்பேனர் ஒரு தரம் சிமிட்டி, அணைந்தது.

பின் இருக்கையிலிருந்து நாகலெட்சுமி கழுத்தை நீட்டினாள். "போயிருச்சா? என்னடி பண்ணுன?"

பாஸ் மழையில் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். தனுஜா கண்ணாடியை இறக்கினாள்.

"என்னம்மா பண்ணுன? எத அமுக்குன?"

"கதவ சாத்துனேன் பாஸ்."

அவர் வாய் திறந்தபடி நின்றார். "அப்ப அந்தக் குட்டிக் காரு..."

"கதவ சாத்து, கதவ சாத்துன்னு அதுதான் ஒன்றரை மணி நேரமா கத்திக்கிட்டு இருந்திருக்கு. நாமதான் ஊருக்காகத் தொறந்து வச்சிருந்தோம்."

"நான்தான்டி தொறந்து வைக்கச் சொன்னேன்" என்றாள் நாகலெட்சுமி, யாரோ அடித்துவிட்ட மாதிரி. "நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"நல்லதுக்குத்தான் மதினி. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

கிஷாந்த் வேன் பக்கத்தில் நின்று கை தட்டினான். தனுஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷம் வரும் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தாள். வந்தது எரிச்சல்தான். ஒன்றரை மணி நேரம் மூன்று பேர் நனைந்தது ஒரு கதவுக்காக. அந்தக் கதவு அவளுக்காகக்கூட இல்லை. வீடு போகும் வழி முழுவதும் நாளைக்குத் தம்பு சேரிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். நாகலெட்சுமி ஏதோ கேட்டதற்கெல்லாம் 'ம்' போட்டாள்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு ஹட்டனில், பஸ் நிலையத்துக்கு எதிரே மூடிக் கிடந்த புடவைக் கடை முன்னால் காரை நிறுத்தினாள். மூடுபனி ரோட்டில் படுத்திருந்தது. மூன்று பேரும் கடைத் தாழ்வாரத்தில் நின்றார்கள். யாழ்ப்பாணத்து யசோதினி டீச்சர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹட்டனிலேயே வீடுள்ள இராஜகுமாரி டீச்சர் சால்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். தம்பு சேர் கிழக்கே பார்த்து நின்றுவிட்டு வந்தார்.

தனுஜா எஞ்சினை அணைத்தாள். சாவியை மட்டும் ஒரு நிலை திருப்பி வைத்தாள். "பாருங்க சேர்."

அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, முன் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். குறை கண்டுபிடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது.

"ஓம், நூந்திட்டுது" என்றார் அவர். "எஞ்சினுக்கு ஏதும் பிழையோ எண்டு கிழமை முழுக்க எனக்கு நித்திரை இல்லை பிள்ளை. என்ரை தமையன் ஒரு வேன் பிரண்டுதான் செத்துப்போனவர். அதுதான் பயம்." வழக்கம் போல முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, கதவைச் சாத்தினார்.

தனுஜாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு இரவு முழுக்க அடுக்கி வைத்தது அத்தனையும் ஆளில்லாமல் நின்றது. யசோதினி டீச்சர் பின் கதவைத் திறந்து ஏறி, உள்ளே நகர்ந்து இடம் விட்டாள்.

இராஜகுமாரி டீச்சர் ஏறவில்லை.

நம்ம மலையகத்து ஆள். கஜேந்திரனின் கருமாதிக்கு வந்து, சம்பந்தி வீட்டுக்காரி போலப் பந்தியில் நின்று பரிமாறியவள். தனுஜாவின் தலையைத் தடவி, "அக்கா இருக்கேன்மா" என்றவள். இப்போது தாழ்வாரத்துத் தூணுக்குப் பக்கத்தில், சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஏறும் டீச்சர், நேரம் போகுது" என்றாள் யசோதினி.

"இல்ல... நான் பஸ்ல வாறேன். நீங்க போங்க."

"பஸ் போய்ச் சேரேக்கை இரண்டாம் பாடம் முடிஞ்சிடும். லைற்தான் நூந்திட்டுதே, பிறகென்ன?" என்று தம்பு சேர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

தனுஜா இறங்கினாள். காரைச் சுற்றி வந்து இராஜகுமாரிக்கு முன்னால் நின்றாள். "சொல்லுங்க டீச்சர்."

"ஒன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா."

"தெரியும். வேற என்னா?"

"இடமாத்தம் கேட்டேன், இல்லன்னுட்டாங்க. மகளுக்கு வந்த சம்பந்தம் கைகூடாம போச்சு. வீட்டுல அவரு வழுக்கி விழுந்துட்டாரு." இராஜகுமாரி தரையைப் பார்த்தே சொன்னாள். "எல்லாம் இந்த ஏழு மாசத்துல. நான் நெனைக்கல. வீட்டுல சொல்றாங்க, காலையில மொதல்ல யாரு மொகத்துல..."

"என் மொகத்துல."

காருக்குள்ளிருந்து யசோதினியின் குரல் வந்தது: "முழிவியளமோ, சகுனமோ? கடவுளே. எனக்கும் இடமாத்தம் கிடைக்கேல்லைத்தான் டீச்சர். நான் ஆரின்ரை முகத்திலை முழிச்சனான்? உங்கடை முகத்திலை."

தம்பு சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

தனுஜாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் ரோட்டில் போகிற நாலு பேர் நின்று பார்ப்பார்கள். ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி. மூன்று பேருக்கு ஓடினால்தான் ஓட்டம், இரண்டு பேருக்கு ஓடிக் கட்டாது. அவள் பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"என் சீட்டுக்கு நேர் பின்னுக்கு உக்காருங்க டீச்சர். அங்கருந்து என் மொகம் தெரியாது. கண்ணாடியில தெரிஞ்சா கண்ண மூடிக்கிங்க. நான் ரோட்டத்தான் பாப்பேன், ஒங்களப் பாக்க மாட்டேன்."

இராஜகுமாரியின் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அழுவாதீங்க. அழுதுகிட்டு வெளிக்கிட்டா அதுவும் சகுனம் சரியில்லம்பாங்க. ஏறுங்க."

அவள் ஏறினாள். தனுஜா கதவைச் சாத்தினாள். அறையவில்லை, கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சாத்தினாள். பூட்டு விழாததால் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் தள்ள வேண்டியிருந்தது.

நோர்வூட் வரைக்கும் வளைவுகளில் பின்னால் வாகனம் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்தபோதெல்லாம், சால்வைக்குள் இராஜகுமாரியின் முகம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. தூங்கினாளா, சொன்னதைக் கேட்டு மூடிக்கொண்டாளா என்று தனுஜாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவளுக்கு இஷ்டமில்லை. எதிரே கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஓரங்கட்டி அதற்கு வழி விட்டாள்.